பேரம் பேசாத பட்டாளத்துக்காரர்

2014 மாடல் ஸ்ப்ளெண்டர் பிளஸ், சிங்கிள் ஓனர். 32,000 என்று ஆன்லைனில் போட்டேன். 27, 28க்குப் போனால் போதும் என்பதுதான் மனக்கணக்கு.

இருபது நிமிடத்தில் போன் வந்தது. இந்தி வாடையடிக்கும் தமிழ். ராணுவத்தில் இருக்கிறாராம், திருச்சிக்கு மாற்றலாகி வருகிறாராம். வண்டியைப் பார்க்க வரத் தேவையில்லை, 32,000 முழுசாக இப்போதே அனுப்பிவிடுகிறேன், எடுத்துப்போக மிலிட்டரி லாரி வரும் என்றார். நான் கேட்காமலேயே சீருடைப் படம், கேன்டீன் கார்டு, ஆதார் எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தன. பன்னிரண்டு வருட வண்டிக்கு ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. அப்போதே உறைத்திருக்க வேண்டும். எனக்கோ சந்தோஷம்தான் வந்தது.

“அக்கவுண்ட் சரியா என்று பார்க்கணும், 5 ரூபாய் போடுங்க சார்” என்றார். போட்டேன். 10 ரூபாயாகத் திரும்பி வந்தது. அந்தப் பத்து ரூபாயில்தான் விழுந்தேன். அடுத்து ஒரு கியூஆர் படம் அனுப்பினார். ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டால் பணம் ஏறிவிடும் என்றார். ஸ்கேன் செய்தேன். 32,000 என்று திரையில் வந்தது. பின் நம்பரில் மூன்று எண் அடித்தபிறகுதான் மேலே இருந்த பெயரைக் கவனித்தேன். யாரோ ஒரு பெண்ணின் பெயர். பணம் அவருக்குப் போகப்போகிறது, எனக்கு வரப்போவதில்லை. கை அப்படியே நின்றுவிட்டது. பணம் வாங்க பின் நம்பரே தேவையில்லை என்பது எனக்குத் தெரியாததில்லை. காய்கறிக் கடையில் தினமும் பார்க்கிறேன். லைனில் ஒருவர் “சீக்கிரம் சார், சீக்கிரம் சார்” என்று விரட்டும்போது தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது. பெயரைப் பற்றிக் கேட்டதும் “பட்டாளத்துக்காரனையே சந்தேகப்படறியா?” என்று எகிறினார். வைத்துவிட்டேன்.

மறுநாள் இன்னொருவர். 3,000 அட்வான்ஸ் அனுப்பும்போது கை தவறி 30,000 போட்டுவிட்டாராம், மீதி 27,000-ஐத் திருப்பி அனுப்பணுமாம். கணக்கில் வரவு என்று எஸ்எம்எஸ்கூட வந்தது. ஆனால் அனுப்பியது வங்கியல்ல, ஒரு பத்து இலக்க செல் நம்பர். பேலன்ஸ் பார்த்தேன், நயா பைசா ஏறவில்லை. இரண்டு நம்பரையும் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், மோசடி அழைப்புகளைப் புகார் செய்யும் சக்ஷு பகுதியில் புகார் செய்தேன். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடித்திருக்க வேண்டும்.

நிஜமாக வாங்க வந்தவர் ஒரு கொத்தனார். கூடவே தன் மெக்கானிக்கையும் கூட்டி வந்தார். மெக்கானிக் முதலில் சைலன்சரைத் தொட்டுப் பார்த்தார், நான் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருக்கிறேனா என்று. செயின் ஸ்பிராக்கெட் தேய்ந்திருக்கிறது, ஃபோர்க்கில் ஆயில் கசிகிறது, பின் டயர் வழுக்கை. ஒவ்வொன்றுக்கும் ஐநூறு, ஆயிரம் என்று விலை இறங்கியது. ஓட்டிப் பார்க்கக் கேட்டபோது நான் பின்னால் உட்கார்ந்து கொண்டேன். ஒரு மணி நேரம் பேசி 27,500-க்கு முடிந்தது.

பணத்தை எண்ணி வாங்கி, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டேன். அவர் ஆதார் நகலை வாங்கிக்கொண்டு, டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதினேன்: மாலை 5.40. பெயர் மாறும்வரை விபத்து நடந்தால் ஆர்.சி.யில் இருப்பவர்தான் ஓனர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது. அதனால் ‘அப்புறம் மாத்திக்கிறேண்ணே’ என்பதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் இருவரும் சேர்ந்தே ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனோம்.

சாவியைக் கொடுத்ததும் அவர் கிளம்பவில்லை. கைப்பிடியில் தொங்கிய என் ஹெல்மெட்டைக் காட்டி, “இதையும் சேத்துக் குடுத்துடுங்கண்ணே” என்றார். கொடுத்துவிட்டேன்.