எஸ்டீம் எஞ்சினை வீட்டில் பிரித்துக் கட்டும்போது பவர் எங்கிருந்து வருகிறது?

மாருதி எஸ்டீம் காரின் 1.3 லிட்டர் எஞ்சினை இறக்கிப் பிரித்துக் கட்டுகிறேன் என்று சொன்னதும், கேட்பவர்கள் எல்லோரும் எத்தனை ஹெச்பி ஏறும் என்றுதான் விசாரிக்கிறார்கள். அதற்கு ஒரு சிறு கணக்கு போதும். இந்த எஞ்சினின் 16 வால்வு எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) வடிவம் 6000 ஆர்பிஎம்மில் 85 ஹெச்பி தருகிறது. அந்த வேகத்தில் அதன் டார்க் (சுழற்றும் விசை) சுமார் 100 நியூட்டன் மீட்டர். டார்க்கை ஒரு புள்ளிகூட உயர்த்தாமல், அதே 100 நியூட்டன் மீட்டரை 7000 ஆர்பிஎம் வரை விழாமல் பிடித்து வைக்க முடிந்தால் 98 ஹெச்பி கிடைத்துவிடும். டர்போ வைக்காத ஒரு சிறிய பெட்ரோல் எஞ்சினில் பவர் ஏற்றும் வேலையின் பெரும்பகுதி, உயர்ந்த வேகத்திலும் அது மூச்சுத் திணறாமல் பார்த்துக்கொள்வதுதான்.

இந்த எஞ்சினைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1994 முதல் 2007 வரை விற்ற எஸ்டீமில் மட்டுமல்லாமல், ஜிப்ஸியிலும் 2005இல் வந்த முதல் ஸ்விஃப்டிலும் இதே குடும்பத்து 1298 சிசி எஞ்சின்தான் இருந்தது என்பதால் உதிரிபாகங்களுக்குப் பஞ்சமில்லை. கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் எல்ஜிபி ஃபார்முலா 4 பந்தயக் கார்களிலும் சுசுகியின் 1.3 லிட்டர் எஞ்சின்தான் என்பதால், இதன் குணம் அறிந்த லேத் பட்டறைகளும் அந்த ஊரில் இருக்கின்றன. சிலிண்டர்கள் இருக்கும் பிளாக், அதன் மேல் வால்வுகளோடு மூடியாக உட்காரும் ஹெட் இரண்டுமே அலுமினியம். பிளாக்கைத் தூக்க ஒரு சங்கிலிக் கப்பியும் உதவிக்கு ஓர் ஆளும் இருந்தால் போதும்.

எஞ்சினை இறக்குவதற்கு முன்பே அதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. சூடான எஞ்சினில் நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்துக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் காற்றழுத்தம்) பார்த்தால், நல்ல நிலையில் உள்ள சிலிண்டர் 199 பிஎஸ்ஐக்கு அருகில் காட்ட வேண்டும். 170க்குக் கீழே போனாலோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் 14 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ உள்ளே வேலை இருக்கிறது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயிலை ஊற்றி மறுபடி பார்க்கும்போது அளவு ஏறினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு கசிகிறது. இதைக் குறித்துவைக்காமல் நேரே ஸ்பேனரை எடுப்பவர், பிறகு எதைச் சரிசெய்தோம் என்றே தெரியாமல் எஞ்சினைக் கட்டுவார்.

பிளாக்கைப் பொறுத்தவரை பரவலான ஒரு நம்பிக்கையைக் கைவிட வேண்டும். ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் பவர் ஏறும் என்று சொல்வார்கள். 74 மிமீ போரை, அதாவது சிலிண்டரின் விட்டத்தை, அரை மிமீ பெரிதாக்கினால் மொத்தக் கொள்ளளவு 1298இலிருந்து ஏறக்குறைய 1316 சிசி ஆகிறது. அது ஒன்றரை சதவீதம்கூட இல்லை. போர் அடிப்பதன் உண்மையான பயன், நீள்வட்டமாகத் தேய்ந்த சிலிண்டரை மறுபடியும் வட்டமாக்கி, புது ரிங் சுவரோடு முழுதாகப் பொருந்தச் செய்வதுதான். இந்த வேலையை வீட்டில் செய்ய முடியாது. ஆனால் பட்டறைக்குச் செல்லும்போது பிளாக்கோடு புதிய பிஸ்டன்களையும் கையில் கொண்டுபோக வேண்டும். பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை நம்பிப் போர் அடிக்கவிடாமல், ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்ப 0.02 முதல் 0.04 மிமீ வரையிலான இடைவெளி வரும்படி அந்தந்தச் சிலிண்டரை முடிக்கச் சொல்ல வேண்டும். இப்படிக் கேட்டால் சில பட்டறைக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். அப்படிச் சுளிக்காதவரைத் தேடுவது வீண்போகாது.

வீட்டில் செய்ய வேண்டியது அளப்பதும் பொருத்துவதும். ரிங்கைச் சிலிண்டருக்குள் நேராக இறக்கி, அதன் இரு முனைகளுக்கும் இடையே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்க்கும்போது இந்தப் போருக்கு 0.30 மிமீ அளவில் இருப்பது நல்லது. இடைவெளி போதாமல் சூட்டில் முனைகள் முட்டிக்கொண்டால் பிஸ்டனின் மேல்விளிம்பே பெயர்ந்துவிடும். கிராங்க் பேரிங்குகளில் பிளாஸ்டிகேஜ் என்ற மெல்லிய பிளாஸ்டிக் நூலை வைத்து, முறுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரெஞ்சால் குறித்த அளவுக்கு முறுக்கிக் கழற்றிப் பார்த்தால், நசுங்கிய நூலின் அகலமே ஆயில் இடைவெளியைச் சொல்லிவிடும். கையிலேயே டைட் தெரியும் என்று சொல்லும் பழைய கைகளுக்கு மரியாதை செய்துகொண்டே டார்க் ரெஞ்சைப் பயன்படுத்தலாம்.

பவர் உண்மையில் ஒளிந்திருக்கும் இடம் ஹெட். ஹெட்டுக்குள் காற்று போகும் வழியான போர்ட்டைப் பெரிதாகக் குடைந்தால் காற்று அதிகம் போகும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் குழாய் அகலமானால் காற்றின் வேகம் குறைகிறது, வேகம் குறைந்தால் பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் தன் உந்துதலால் உள்ளே வந்துகொண்டிருக்க வேண்டிய காற்று நின்றுவிடுகிறது, அதனால் நகருக்குள் ஓட்டும் வேகத்தில் பிக்அப் படுத்துவிடுகிறது. ஆகையால் என் கவனமெல்லாம் வால்வு வந்து உட்காரும் சீட்டுக்கு மேலும் கீழும் உள்ள சுமார் ஒரு சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருந்தது. வார்ப்பில் விட்டுப்போன மேடுகளைத் தேய்த்தெடுத்தேன். காற்று வளைந்து திரும்பும் உட்பக்க விளிம்பின் கூர்மையை மழுக்கினேன். காற்றைக் கொண்டுவரும் குழாய்த் தொகுதியான மேனிஃபோல்டும் ஹெட்டும் சேரும் இடத்தில் கேஸ்கெட்டை அச்சாக வைத்துப் படிகளைச் சமன்செய்தேன். சீட்டை 45 டிகிரியில் மட்டும் வெட்டாமல், அதன் மேலே 30, கீழே 60 என்று மூன்று கோணங்களில் வெட்டித் தரச் சொன்னேன். வால்வு மூடும்போது கசியாமலும், திறக்கும்போது காற்று சறுக்கிச் செல்லவும் இது உதவுகிறது. மொத்த வேலையிலும் கொடுத்த காசுக்கு மிக அதிகப் பலன் தந்தது இதுதான் என்பது என் கணிப்பு. இன்டேக் போர்ட்டைக் கண்ணாடிபோலப் பளபளப்பாக்குவதில் பயனில்லை, பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

ஹெட்டைச் சீவிக் கம்ப்ரஷனை உயர்த்துவது அடுத்த ஆசை. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 324.7 சிசி, கம்ப்ரஷன் விகிதம் (பிஸ்டன் அடியில் நிற்கும்போதுள்ள இடம் உச்சியில் மிஞ்சும் இடத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது) 9.5 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் 38.2 சிசி. அரை மிமீ சீவி அதில் 2 சிசியைக் குறைத்தால் விகிதம் 10ஐ நெருங்கிவிடும். நம் பங்க்குகளில் சாதாரண பெட்ரோலுக்குக் குறைந்தபட்ச ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் திறன்) நெடுநாள் 91ஆகத்தான் இருந்தது என்பதால், நீண்ட மேட்டில் டாப் கியரில் இழுக்கும்போது நாக்கிங், அதாவது பெட்ரோல் தானாக வெடித்துத் தட்டும் சத்தம், வருமா என்பதை இங்கே யோசித்தாக வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஆக்டேன் கூடுதல் என்பது சாதகம்தான். ஆனால் அது முழுதாக எரிவதற்கான காற்று விகிதம் 14.7இலிருந்து சுமார் 13.5ஆக இறங்குவதால், எஞ்சினின் கணினியான பழைய ஈசியு கணக்கிட்டு அனுப்பும் எரிபொருள் முழு மிதியில் போதாமல் போகக்கூடும். பழைய ரப்பர் ஹோஸ்களை எப்படியும் மாற்றிவிட வேண்டும்.

வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டை மாற்றுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வால்வு அதிகம் திறந்தால் பிஸ்டனோடு மோதுமா என்று தெரிந்துகொள்ள, பிஸ்டன் தலையில் களிமண் அப்பி, ஹெட்டைப் பூட்டி, கையால் கிராங்கை இரண்டு சுற்றுச் சுற்றிக் கழற்றி, களிமண்ணில் பதிந்த பள்ளத்தில் மிஞ்சிய தடிப்பை அளப்பார்கள். இன்டேக்கில் 2 மிமீ, எக்ஸாஸ்டில் 2.5 மிமீ இருந்தால் நிம்மதி. மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்த்தே இந்த ஈசியு எரிபொருளைத் தீர்மானிப்பதால், பெரிய கேமின் குலுங்கும் ஐட்லிங் அதைக் குழப்பிவிடும். எனவே கேமும் டியூனிங்கும் சேர்ந்தே வரும் செலவு. நான் கம்பெனிக் கேமையே வைத்துக்கொண்டேன்.

வேகத்தை உயர்த்தும்போது தாங்க வேண்டிய பாகம், பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் போல்ட். 75.5 மிமீ ஸ்ட்ரோக்கில் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) பிஸ்டனின் சராசரி வேகம் 6000 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 15 மீட்டர், 7000இல் 17.6 மீட்டர். வேகம் ஆறில் ஒரு பங்குதான் கூடுகிறது என்றாலும், ராடை இழுக்கும் விசை அதன் வர்க்கத்தில் வளர்ந்து 36 சதவீதம் கூடிவிடுகிறது. பழைய போல்ட்டை மறுபடி போட்டுச் சேமிக்கும் சில நூறு ரூபாய்க்காக ஒரு பிளாக்கையே பணயம் வைப்பதில் அர்த்தமில்லை. நான்கு பிஸ்டன்களையும் ராடுகளையும் தராசில் நிறுத்து எடையைச் சமன்செய்வதையும் இந்தக் கட்டத்திலேயே முடித்துக்கொள்ளலாம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவையும் மறந்துவிடக் கூடாது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க அந்தப் பிரிவு இடம் தருவதில்லை. எஞ்சின் எண் பொறித்த பழைய பிளாக்கையே வைத்துக் கட்டுவதற்கும், வேறு எஞ்சினைக் கொண்டுவந்து வைப்பதற்கும் வேறுபாடு உண்டு. பின்னதற்கு ஆர்டிஓ அனுமதி வேண்டும்.

பூட்டி முடித்த எஞ்சினை உடனே ஸ்டார்ட் செய்துவிடாமல், பிளக்குகள் இல்லாமல் செல்ஃப் மட்டும் அடித்து, ஆயில் விளக்கு அணையும் வரை பிரஷர் ஏற விட்டேன். புது ரிங் சுவரில் உட்கார மிதமான லோடு வேண்டும் என்பதால், நிறுத்திவைத்து ஐட்லிங்கில் ஓடவிடுவதைக் காட்டிலும், மினரல் ஆயில் ஊற்றி, புறவழிச்சாலையில் ஏற்றியும் இறக்கியும் ஓட்டுவது நல்லது. முதல் ஆயில் மாற்றத்தில் ஃபில்டரை அறுத்து, உள்ளிருக்கும் காகிதத்தை விரித்து வெயிலில் பார்த்தேன். ரிங் தேய்ந்த மெல்லிய சாம்பல் பூச்சு மட்டும் இருந்தது, பேரிங் துகள் எதுவும் இல்லை. அதற்குப் பிறகுதான் 6000ஐத் தாண்டி மிதித்தேன்.