அப்பாவின் மஞ்சப்பை நிறைய மாத்திரை

அப்பாவுக்கு 79 வயது. சர்க்கரைக்கு ஒரு டாக்டர், இதயத்துக்கு ஒருவர், முட்டி வலிக்கு இன்னொருவர். ஒருவர் எழுதிய சீட்டை மற்றவர் பார்த்ததில்லை.

கொஞ்ச நாளாகவே சாயங்காலமானால் அவர் பேச்சு குழறும், சட்டை நனைய வியர்க்கும். "வயசாகுதுல்ல" என்றார்கள் உறவினர்கள். ஒருநாள் மீட்டரில் குத்திப் பார்த்தால் 54. 70-க்குக் கீழே போனாலே லோ சுகர்தான். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்தோம், ஏறியிருந்தது. உடனே சாப்பிட வைத்தோம்.

மறுநாள் வீட்டிலிருந்த மாத்திரை, தைலம், லேகியம் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் அள்ளிக்கொண்டு சர்க்கரை டாக்டரிடம் போனோம். அந்தம்மா பொறுமைசாலி. ஒவ்வொரு அட்டையாகப் புரட்டிப் பொடி எழுத்தைப் படித்தார். இரண்டு அட்டைகளில் கம்பெனிப் பெயர்தான் வேறு. உள்ளே இருந்தது சர்க்கரையைக் குறைக்கும் அதே கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும். ஒரு மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் ஆனபோது புது பிராண்டை எழுதியவர்கள், பழையதை நிறுத்தச் சொல்லவில்லை.

"கை நடுங்கலையா, படபடப்பு வரலையா?" என்று கேட்டார். இல்லை. இதயத்துக்குப் போடும் மெட்டோப்ரோலால் அந்த இரண்டையும் மறைத்துவிடுமாம். வியர்வையை அது மறைக்காது என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அப்புறம் ரத்தப் பரிசோதனை. கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.6. பார்க்க லேசான எண்தான். ஆனால் வயதைச் சேர்த்துக் கணக்கிட்டால் கிட்னி வடிகட்டும் வேகம் 44 என்று வந்தது. 45-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மினைக் குறைக்க வேண்டும், 30-க்குக் கீழே என்றால் நிறுத்த வேண்டும் என்றார். முட்டி வலிக்கு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த டைக்ளோஃபினாக் அன்றோடு நின்றது. அது கிட்னியை இன்னும் கெடுக்கும். கிளிமிபிரைடை அடியோடு நிறுத்தி, கிட்னி பலவீனமானாலும் அளவை மாற்றத் தேவையில்லாத லினாக்ளிப்டின் என்ற சர்க்கரை மாத்திரையை எழுதினார்.

அப்பாவின் மூன்று மாத சர்க்கரை சராசரி (HbA1c) 6.3. நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த எண் அது. டாக்டர் முகம் சுளித்தார். "ஐயா, இந்த வயசுல, இதயக் கோளாறும் இருக்கறப்ப 8-க்குள்ள இருந்தா போதும். லோ ஆகி விழுந்து இடுப்பு உடைஞ்சா என்ன பண்ணுவீங்க?"

இப்போது மருந்துக்கடையில் "அந்த கம்பெனி இல்லை, இது அதேதான்" என்று மாற்றிக் கொடுத்தால், மூலப்பெயரையும் (உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்) மில்லிகிராமையும் பார்த்தபிறகே வாங்குகிறேன். பழைய அட்டை மிச்சமிருந்தால் வீட்டில் வைப்பதில்லை. மூலப்பெயர், அளவு, எந்த வேளை என்று ஒரே தாளில் எழுதி மூன்று டாக்டர்களிடமும் காட்டியாயிற்று.

கடைசியாகப் பார்த்தபோது சராசரி 7.4. சாயங்கால வியர்வை இல்லை. அப்பாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "மாத்திரையைக் குறைச்சு சுகரை ஏத்திவிட்டுட்டாங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.