மதகைக் கேட்டு மதகுக்கே போன கதை

தமிழ்நாட்டில் பவானிசாகர் அணையோர இலங்கை அகதி முகாமில் பிறந்து வளர்ந்த நான் இருபத்தேழாவது வயதில் இலங்கையின் வன்னியில் உள்ள இரணைமடுக் குளத்துக்கு அருகே வந்து குடியேறியதை, நாடு திரும்பல் என்று தாள்களில் எழுதினார்கள். திரும்பி வருவதற்கு நான் முன்பு ஒரு நாளும் இங்கே இருந்ததில்லை. பிறப்புப் பதிவு, குடியுரிமை, அடையாள அட்டை என்று அலைந்த மாதங்களில் கூலி வேலையும் ஒழுங்காகக் கிடைக்காததால், தெரிந்த ஒரே கைவேலையான தூண்டிலை எடுத்துக்கொண்டு குளக்கரை தேடத் தொடங்கினேன். கைவேலை என்பதும் சற்று மிகைதான். பள்ளிக்கூடம் விட்ட பிறகு அணையோரத்தில் ஜிலேபி மீனும் கெண்டையும் பிடித்த பழக்கம் அது.

பவானிசாகரில் மீன் தேடுகிறவன் முதலில் விசாரிப்பது, தண்ணீர் திறந்துவிடும் மதகைத்தான். ஆகவே இங்கே வந்த முதல் வாரத்தில், சைக்கிளில் வந்த ஒரு முதியவரை நிறுத்தி, “ஐயா, மதகு எந்தப் பக்கம்?” என்று கேட்டேன். “நேரே போங்கோ தம்பி, றோட்டிலேயே வரும்” என்றார். போய்ப் பார்த்தால், வீதிக்குக் குறுக்கே இரண்டு சீமெந்துக் குழாய்களைப் புதைத்துக் கட்டிய சிறு பாலம். அதன் கீழே கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. வன்னியில் மதகு என்றால் அதுதான். நான் தேடியதற்கு இங்கே துருசு என்று பெயர். குளம் நிரம்பினால் மிகுநீர் வழியும் இடத்தை நாங்கள் கலிங்கு என்போம், இங்கே அது வான்; தூண்டில் நரம்பு இங்கே தங்கூசி. மாலையில் திரும்பி வந்த அதே முதியவர், தூண்டில் தடியோடு பாலத்தில் குந்தியிருந்த என்னைக் கண்டு சிரித்துவிட்டு, இந்தச் சொற்களோடு இன்னொரு சொல்லையும் சொல்லித் தந்தார்: அலைகரை.

அணைக்கட்டுக்கு எதிர்ப்புறமாக, காட்டோரத்தில் தண்ணீர் ஏறி இறங்கும் சரிவான கரையே அலைகரை. தை மாதத்தில் நான் நின்று தூண்டில் போட்ட இடத்திலிருந்து ஆவணியில் தண்ணீரைத் தொட நெடுந்தூரம் நடக்கவேண்டியிருந்தது. பவானிசாகரிலும் தண்ணீர் வற்றுவதுண்டு. ஆனால் கரை இப்படிக் காலடியிலிருந்து நழுவிப் போனதை நான் கவனித்ததில்லை. அதன் பிறகு, நல்ல இடம் எது என்று யாரையும் கேட்காமல், இந்த மாதத்துக்கு எந்த இடம் என்று கேட்கப் பழகினேன்.

முதல் கோடையில் வற்றிய தரையில் நடந்தபோது, சோற்றுக் கோப்பையைக் கவிழ்த்து அழுத்தியதுபோல வட்ட வட்டமான குழிகளைக் கண்டேன். மாட்டுக் குளம்பு பதிந்தது என்று முதலில் நினைத்தேன். குளம்புக்கு இவ்வளவு அகலம் வராது. அவை ஆண் திலாப்பியா வாயாலும் வாலாலும் தோண்டிய முட்டைக் குழிகள். பெண் மீன் அங்கே முட்டையிட்டு, பிறகு அவற்றை வாயில் எடுத்துக்கொண்டு போய்விடும். 1952இல் இலங்கைக் குளங்களில் விடப்பட்ட இந்த ஆபிரிக்க மீனை ஜப்பான் மீன் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆபிரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் நடுவில் அது எங்கே வழிமாறியதோ! குழிகள் நெருங்கிக் கிடந்த இரண்டு இடங்களில் கரை மரங்களை அடையாளம் வைத்துக்கொண்டேன். மாரி மழையில் தண்ணீர் ஏறி, அந்தக் குழிகள் இடுப்பளவு ஆழத்தில் மறைந்திருந்த ஒரு காலையில், நாக்கிளிப்புழுவை, அதாவது மண்புழுவை, கோத்து அதே நேருக்கு எறிந்தேன். எட்டு மணிக்குள் பை நிறைந்தது.

சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் பிற்பகலில் கரைக்குப் போவது வீண். அலை அணைக்கட்டில் மோதிக் கலங்கி, மிதவை எங்கே தாழ்கிறது என்பதே தெரியாது. விடியலில் காற்று எழுமுன் இரண்டு மணி நேரம் போதும். கோடை நெல் பயிரான சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்தால், துருசுக்குக் கீழே வாய்க்கால் ஆழப்படும் முதல் மடுவும் நல்லது. வான் பாயும்போது ஊரே அங்கே திரண்டுவிடும். அந்த இழுப்பில் நான் இறங்குவதில்லை. முதலை உள்ள குளங்கள் என்பதால் மற்ற நாட்களிலும் தண்ணீருக்குள் நின்று தூண்டில் போடுவதில்லை. மிதிவெடி எச்சரிக்கைப் பலகைக்கு அப்பால் எவ்வளவு நல்ல மடு இருந்தாலும் அது எனக்குரியதன்று.

ஒரு நாள் தூண்டில் எதிலோ மாட்டியது. பெரிய மீன் என்று நம்பி வலிந்து இழுத்தேன். வந்தது மீன்பிடிச் சங்கத்து ஒருவருடைய வலை, அதுவும் இரண்டு முழம் கிழிந்து. அவர் ஏசவில்லை. தோணியைக் கரைக்குக் கொண்டுவந்து, ஊசியையும் நூலையும் என் கையில் தந்து, “தம்பி, கிழிச்சனீங்கள் எல்லோ, இருந்து பொத்துங்கோ” என்றார். இரண்டு முழத்தைப் பொத்த மத்தியானமாகிவிட்டது. நான் முடிந்த வலைக்கண்கள் கோணலாக இருந்தன, அவர் பாதியைப் பிரித்து மறுபடி முடிந்தார். அதற்கிடையில், வெறும் போத்தல்கள் மிதக்கும் வரிசைதான் வலை என்பதையும், பட்ட மரங்கள் நிற்கும் மூலையில் கட்டைகள் கிழித்துவிடும் என்பதால் எவரும் வலை விடுவதில்லை என்பதையும் சொன்னார்.

அடுத்த நாள் விடியலில் சின்னத் தவளையொன்றைக் கோத்துக்கொண்டு அந்த மூலைக்குத்தான் போனேன். இரண்டு கட்டைகளுக்கு நடுவே தண்ணீர் ஒருமுறை வெடித்துச் சுழன்றது; முழங்கை நீள விரால் ஒன்று, தங்கூசியை ஒரு வேரில் சுற்றி அறுத்துக்கொண்டு போய்விட்டது.