ஹை பானட்டில் சூரியநெல்லிக்கு

பட்டாளத்து ஜீப் வாங்கக் கிளம்புகிறவர்களில் பலர் முதலில் ஜோங்காவைத்தான் தேடுகிறார்கள். தோனி ஒன்றை வாங்கி ராஞ்சித் தெருக்களில் ஓட்டியதிலிருந்து அதற்குத் தனி மவுசு. நானும் ஒன்றைப் பார்க்கப் போனேன். நிஸானிடம் உரிமம் பெற்று ஜபல்பூர் ராணுவ வாகனத் தொழிற்சாலையில் கட்டிய வண்டி அது. ஆறு சிலிண்டர், ஏறத்தாழ நான்கு லிட்டர் பெட்ரோல் எஞ்சின். நான் பார்த்ததில் அந்த எஞ்சினே இல்லை. யாரோ லாரி டீசல் எஞ்சினைத் தூக்கி வைத்திருந்தார்கள். ஆர்சி புத்தகத்தில் இன்னமும் பெட்ரோல் என்றே இருந்தது. விற்பவர், "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் சார்" என்றார். அவர் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

கடைசியில் அமைந்தது, கூடலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கொட்டகையில் நின்ற மஹிந்திரா சிஜே3பி. அறுபதுகளின் பிற்பாதியில் பிறந்தது. ராணுவ ஏலத்தில் தோட்டக்காரரின் தந்தை எடுத்து, கொழுந்து மூட்டை ஏற்றியே அதை முதுமைக்குக் கொண்டுவந்திருந்தார்.

ஜீப் பித்தர்கள் இதை ஹை பானட் என்பார்கள். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் என்ற அமெரிக்க ஜீப்பின் தட்டையான மூக்குதான் லோ பானட். விலை அதற்குத்தான் அதிகம். இதன் மூக்கு தூக்கலாக இருப்பதற்கு அழகுணர்ச்சி காரணமல்ல. வில்லிஸ் நிறுவனம் பழைய 2.2 லிட்டர் எஞ்சினை மாற்றியமைத்தபோது, காற்று உள்ளே வரும் வால்வைச் சிலிண்டருக்கு மேலே கொண்டுபோய், புகை வெளியேறும் வால்வைப் பக்கவாட்டிலேயே விட்டுவிட்டார்கள். சக்தி கூடியது, உயரமும் கூடியது, பழைய பானட் மூடவில்லை. பானட்டைத் தூக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் இந்த உருவம் அறுபதுகளோடு முடிந்துவிட, மஹிந்திரா அதை விடாமல் செய்துகொண்டிருந்தது. 1965 போரில் அசல் உத்தரில் அப்துல் ஹமீது பாகிஸ்தான் டாங்குகளை அடித்து நொறுக்கியதும் ஜீப்பின் மேல் பொருத்திய பீரங்கியால்தான்.

வாங்கும்போது நான் பானட்டைத் திறப்பதற்கு முன் காகிதங்களைத் திறந்தேன். ராணுவ வண்டிகளின் எண், மேல் நோக்கிய அம்புக்குறியில் தொடங்கும். அடுத்து வருடத்தின் இரண்டு இலக்கம். அந்த எண்ணோடு வெளியே ஓட்ட முடியாது. ஏலத்தில் எடுத்ததற்கான ராணுவச் சீட்டு, அதை வைத்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கிய பதிவு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்த முத்திரை, சேஸில் குத்தியிருக்கும் எண் என்று எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். தோட்டக்காரர் ஒரு பிஸ்கட் டின் நிறைய வைத்திருந்தார். பேரம் பேச மனமே வரவில்லை.

ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் 'விஏ' என்ற தனிப் பதிவு வரிசை வந்தது. நண்பர்கள் அதை எடுக்கச் சொன்னார்கள். ஆனால் அந்த எண் இருந்தால் கண்காட்சி, பழைய வண்டிகளின் ஊர்வலம், பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டும்தான் சாலையில் இறங்கலாம். மலைக்கு ஓட்டத்தானே வாங்கினேன்? சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டேன்.

கோவை கணபதியில் ஒரு பட்டறையில் விட்டேன். மூத்த மெக்கானிக் அண்ணன் சுத்தியலால் உடம்பு முழுவதும் தட்டிக்கொண்டே வந்தார். தகரம் இருக்கும் இடத்தில் ஒரு சத்தம், பட்டி பூசிய இடத்தில் வேறு சத்தம். தரைத் தகடு பாதிக்கு மேல் பட்டியாகவே இருந்தது. அதை வெட்டி எறிந்து புதிதாக வைத்தோம். கிளட்ச் தட்டும் கார்புரேட்டர் கிட்டும் சென்னை புதுப்பேட்டையில் கிடைத்தன. இரண்டு முன்சக்கரங்களுக்கும் ஸ்டியரிங்கைப் பிரித்துக் கொடுக்கும் பெல் கிராங்க்கின் புஷ், அதாவது தேய்மானம் தாங்கும் உள்வளையம், மட்டும் எங்கும் இல்லை. அடுத்த தெரு லேத் பட்டறையில் வெண்கலத்தில் கடைந்து கொடுத்தார்கள். பொருத்திய பிறகு ஸ்டியரிங்கின் ஆட்டம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி அந்த வண்டியின் பிறவிக்குணம்.

பெயின்ட் கடையில்தான் பெரிய விவாதம். பார்த்தவர்கள் எல்லோரும் ஆலிவ் பச்சையும் பானட்டில் வெள்ளை நட்சத்திரமும் கேட்டார்கள். மோட்டார் வாகன விதி 121இன்படி ஆலிவ் பச்சை ராணுவத்துக்கு மட்டுமே உரியது. நட்சத்திரமோ போர்க்கால அமெரிக்கப் படையின் அடையாளம். நம் பட்டாளத்து ஜீப்புக்கு அது பொய்வேஷம். காவி மண் நிறத்தில் அடித்தேன். பெயின்டருக்கு என் மேல் இன்னும் வருத்தம்.

உடுமலை, அமராவதி, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு போவது என்று திட்டம். நெடுஞ்சாலையில் மணிக்கு ஐம்பத்தைந்துக்கு மேல் போனால் உடம்பில் இருக்கும் அத்தனை எலும்பும் பேர் சொல்லும். ஒன்பதாறு என்று பெயர் கொண்ட செக்போஸ்ட் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்ததும் அந்த வேகமே போதுமானதாகிவிடுகிறது. கதவு இல்லை, கண்ணாடியை முன்பக்கம் மடக்கிவிடலாம். யானை லத்தியின் வாடை முதலில் மூக்குக்கு வந்தது. யானை பிறகுதான் கண்ணுக்கு வந்தது. எஞ்சினை அணைக்காமல் தூரத்திலேயே காத்திருந்தோம். அது மூங்கிலை முடித்துக்கொண்டு ஓடைப் பக்கம் இறங்கியது.

சின்னாறிலிருந்து மறையூர் ஏற்றத்தில் வண்டி இருமத் தொடங்கியது. மதிய வெயில், இரண்டாவது கியர், சூடான எஞ்சின். பெட்ரோல் பம்புக்கு வரும் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்ப் வெறும் ஆவியைத்தான் இழுக்கும். பழைய ஆட்களின் வைத்தியம்தான்: பானட்டைத் திறந்து, ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றி, மறையூர் வெல்லம் விற்கும் கடையில் உட்கார்ந்துவிடுவது. அரைக் கிலோ வெல்லம் வாங்கி முடிப்பதற்குள் வண்டி சமாதானமாகிவிட்டது.

மூணாறில் நிற்கவில்லை, கூட்டம். லாக்ஹார்ட் கணவாய் தாண்டி, சின்னக்கானல் வழியாகச் சூரியநெல்லி சேர்ந்தபோது பனி இறங்கிவிட்டது.

கொழுக்குமலை, தேனி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம். ஆனால் ஜீப் ஏற வேண்டியது கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. என் வண்டியை மேலே ஓட்ட ஆசை. உள்ளூர் ஜீப்புகளுக்கு மட்டுமே அனுமதி என்று சொல்லிவிட்டார்கள். விடியுமுன் ஒரு பழைய மஹிந்திராவில் பயணியாக ஏறினேன். ஏறிய பத்தாவது நிமிடமே அந்த விதிமுறைக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். அது பாதையே அல்ல, பாறைகளைக் கொட்டி வைத்த சரிவு. ஓட்டுநர் முன் ஆக்சிலை இணைத்து, லோ கியரில் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமலே ஏற்றினார். சக்கரத்தை இரண்டு பாறைக்கு நடுவே விடாமல் பாறையின் மேலேயே ஏற்றினார். நடுவே விட்டால் அடிப்பாகம் தட்டும். கிளட்சில் கால் வைக்கவே இல்லை.

மேலே மேகத்துக்கு மேல் சூரியன் வந்ததைப் பற்றி இணையம் முழுக்கப் படங்கள் இருக்கின்றன. நான் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் டீ குடித்துக்கொண்டே ஓட்டுநரிடம் ஸ்பிரிங் பட்டை பற்றி விசாரித்தேன். சீசனில் அடிக்கடி உடையுமாம். கீழே வந்ததும் என் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். பெல் கிராங்க் புஷ்ஷைக் குனிந்து பார்த்து, "யார் சார் கடைந்தது?" என்றார். பெயின்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பூப்பாறை, போடிமெட்டு வழியாக இறங்கினேன். பூஸ்டர் இல்லாத டிரம் பிரேக். அதை நம்பாமல் இரண்டாவது கியரிலேயே கொண்டைஊசி வளைவுகளைக் கடந்தேன். பின்னால் ஏலக்காய் ஏற்றிய ஜீப்புகள் ஹாரன் அடித்து அடித்து முந்திப்போயின. போடியில் நிறுத்தி ஒவ்வொரு டிரம்மாகத் தொட்டுப் பார்த்தேன். வலது பின் சக்கரம் மட்டும் கை வைக்க முடியாத சூடு. டீக்கடைக்காரர் காட்டிய பட்டறையில் கழற்றிப் பார்த்ததில் பிரேக் ஷூவின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. வேறு ஏதோ வண்டியின் ஸ்பிரிங்கை வெட்டிப் பொருத்தி, ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார் பட்டறைக்காரர். இன்றுவரை அதுதான் ஓடுகிறது.