கருப்பட்டியில் ஒரு திண்ணை வீடு

பாளையங்கோட்டையில் டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டு அடுப்பில் முறுக்கும் அச்சுமுறுக்கும்தான். இந்த வருடம் பெரியவனும் (7 வயது) சின்னவளும் (4 வயது) ஒரு படத்தைப் பார்த்துவிட்டு ஜிஞ்சர்பிரெட் வீடு, அதாவது இஞ்சி பிஸ்கட்டில் கட்டும் குட்டி வீடு, வேண்டும் என்று நின்றார்கள். ஜெர்மனியில் லெப்கூகன் என்று ஒரு மசாலா ரொட்டி உண்டு, அதைச் சேர்ந்ததுதான் இது. அங்கே இனிப்புக்குத் தேன் விடுவார்கள். நம்மிடம் உடன்குடிக் கருப்பட்டி இருக்கும்போது வேறு எதற்குப் போக வேண்டும்?

முதல் சனிக்கிழமை. மைதா 500 கிராம், கருப்பட்டி 250, வெண்ணெய் 125, சுக்குப்பொடி இரண்டு மேசைக்கரண்டி, கொஞ்சம் பட்டை, கிராம்பு. "ஏட்டி, வடிகட்டாமப் போட்டுராத, மண்ணு கிடக்கும்" என்று அம்மா சொன்னார்கள். வடிகட்டினால் அடியில் நிஜமாகவே மண். பிஸ்கட் செய்கிற பழக்கத்தில் அரை தேக்கரண்டி சோடா உப்பும் போட்டுவிட்டேன், அதுதான் தப்பு. ஓவனில் சுவர்கள் உப்பி, ஜன்னல்கள் மூடிக்கொண்டன. ஓரம் உருண்டுபோனதால் எந்த மூலையும் சேரவில்லை. ஆனால் வீடு முழுக்கச் சுக்குக் காப்பி வாசம். அன்று மாலைக் காப்பிக்கு அந்தச் சுவர்களைத்தான் தின்றோம்.

அடுத்த சனிக்கிழமை சோடா உப்பே போடவில்லை. கருப்பட்டி கரைக்கத் தண்ணீரையும் பாதியாக்கி, 75 மில்லியோடு நிறுத்தினேன். மாவை ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, பட்டர் பேப்பர் மேலேயே அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத் தேய்த்தோம். அட்டையில் வெட்டிய அளவை வைத்துப் பிள்ளைகள் கோடு போட்டார்கள், கத்தி பிடித்தது நான். 170 டிகிரியில் 16 நிமிடம். வெளியே எடுத்ததும் சூட்டோடு அட்டையை மறுபடி வைத்து ஓரங்களைச் சீவிவிட வேண்டும். ஆறிவிட்டால் உடைந்துவிடும்.

வீட்டின் அமைப்பை மாற்றியது பெரியவன். "ஆச்சி வீட்டுல திண்ணை உண்டும்லா, இதுல ஏன் இல்ல?" என்றான். நியாயம்தானே! மிச்ச மாவில் திண்ணையும் இரண்டு தூணும் வந்தன. எனக்கு அந்த வீட்டிலேயே பிடித்த இடம் அதுதான்.

அன்று ராத்திரி நல்ல மழை. காலையில் சுவர்களைத் தொட்டால் வெல்லம் போட்ட அதிரசம் மாதிரி மெத்தென்று இருந்தன. மழைக்காலத்தில் டப்பாவில் இருக்கிற கருப்பட்டியே கசியும், காற்றின் ஈரத்தை அப்படி இழுக்கும். கூரை ஏற்றியிருந்தால் மொத்தமும் சரிந்திருக்கும். ரஸ்க்கை இரண்டாம் தடவை சுடுவார்கள் அல்லவா, அதே மாதிரி எல்லாவற்றையும் 120 டிகிரியில் 25 நிமிடம் காயவிட்டு, ஓவனுக்குள்ளேயே ஆறவைத்தேன். தட்டினால் ஓடு மாதிரிச் சத்தம் வந்தது. நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை மழையில் செய்கிறவர்கள் இந்த இரண்டாம் சூட்டை விடவே கூடாது.

ஒட்டுவதற்கு ஒரு முட்டை வெள்ளைக்கரு, 225 கிராம் ஐசிங் சர்க்கரை, சில சொட்டு எலுமிச்சைச் சாறு. பால் கவர் மூலையை வெட்டிப் பிழிந்தேன். நான்கு சுவரையும் பருப்பு டப்பாக்களால் அணைகொடுத்து நிறுத்தி, மறுநாள்தான் கூரை. பச்சை முட்டை என்பதால் அதைப் பிள்ளைகள் கையில் தரவில்லை. அவர்களுக்கு எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் மட்டும் குழைத்துத் தனிக் கிண்ணம். அதை விரலோடு நக்கினாலும் கவலையில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் அவர்கள் ராஜ்ஜியம். கூரைக்குச் சீரக மிட்டாய், முற்றத்துக்குக் கோவில்பட்டி கடலை மிட்டாய். தூத்துக்குடி மக்ரூன் நான்கு வாங்கி வாசலில் நட்டோம். அதுவும் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரியும்தானே, கூம்பாக, பனி மூடிய மரம் போலவே இருந்தது. சின்னவள் ஒரே சுவரில் பதினோரு ஆரஞ்சு மிட்டாய் ஒட்டினாள். சரிசெய்யக் கை போனது, அடக்கிக்கொண்டேன்.

எறும்புக்குத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவே கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் வீடு. ஐந்து நாள் நின்றது. கேரல் பாட வந்தவர்கள் எல்லாரும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

கிறிஸ்துமஸ் அன்று மதியம் உடைத்தோம். முட்டை ஒட்டிய ஓரங்களை நான் வெட்டி எடுத்துவிட்டேன். கூரை பெரியவனுக்கு, சுவர் எங்களுக்கு. திண்ணையை மட்டும் சின்னவள் உடைக்க விடவில்லை. ஆச்சி வந்து உட்கார வேண்டுமாம். அது இன்னும் சம்படத்தில் இருக்கிறது.