ஆச்சியின் இஞ்ச
மார்த்தாண்டம் சந்தையில் நேற்று இஞ்ச கண்ணில் பட்டது. குழித்துறைப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: அது குளிக்கும்போது உடம்பு தேய்க்கும் ஒரு முள்கொடியின் பட்டை. கல்லில் வைத்து நார்நாராகப் பிரியும்வரை சதைத்து, வெயிலில் காயவைப்பார்கள். நனைத்துத் தேய்த்தால் லேசாக நுரைக்கும், பட்டையிலேயே சப்போனின் என்ற நுரை தரும் பொருள் இருப்பதால். 1956-இல் கன்னியாகுமரி மாவட்டக்காரர்கள் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டோம், குளியல் மட்டும் இன்னும் திருவிதாங்கூர்தான்!

எங்கள் ஆச்சி கடை இஞ்சயை அப்படியே மேலில் வைக்க விடமாட்டாள். திண்ணையில் உட்கார்ந்து மறுபடியும் மெதுவாகத் தட்டுவாள். பிறகு தன் கன்னத்தில் உரசிப் பார்ப்பாள். குத்தினால் இன்னும் பத்துத் தட்டு. எண்ணெய் ஊறிய முதுகோடு நான் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்பேன். "பொறு மக்களே, பிள்ளைக்க தோலு கீறிப்போவும்."

சரி, நானும் அடித்துப் பார்ப்போமே என்று நேற்று ஒன்று வாங்கிவந்தேன். அம்மிக்குழவியால் ஐந்து நிமிடம், கை வலித்ததும் விட்டுவிட்டேன். கன்னத்தில் உரசிப் பார்க்கவும் மறந்துபோனது. மகள் ஒரே தேய்ப்பில் அலறி, துவர்த்தைச் சுற்றிக்கொண்டு ஓடிவிட்டாள். இப்போது திண்ணையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன்.