மாமாவும் ட்ரெய்லர் வீலும்

புல் வெட்டுற குட்டி டிராக்டர் பின்னாடி மாட்டி இழுக்குற ட்ரெய்லர் ஒண்ணு வச்சிருக்கோம், இலை தழை அள்ளிப்போட. அதுல ஒரு டயரு சாயங்காலம் காத்தடிச்சா விடியறதுக்குள்ள தரையோட படுத்துக்கும். இத மாமனார் காதுல போட்டு வச்சேன்.

"காத்துதான மாப்ள, நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்"னு வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு பம்போட உக்காந்துட்டார். ட்யூப்லெஸ் டயரு, விளிம்பு ரிம்ம விட்டு விலகிக் கிடக்கு, இவரு அடிக்கிற காத்தெல்லாம் புஸ்ஸு புஸ்ஸுன்னு சைடுல வந்து இவரு மூஞ்சிலயே அடிக்குது. சரக்கு கட்டி இறுக்குற ராட்செட் பெல்ட்ட டயரச் சுத்திப் போட்டு அரைஞாண் கயிறு மாதிரி இறுக்கினா ரெண்டு விளிம்பும் வெளிய தள்ளி ரிம்ல உக்காரும், லேசா காத்து புடிச்சதும் பெல்ட்ட கழட்டிடணும்னு சொல்லி அப்படியே செஞ்சோம், கும்முனு நின்னுச்சு. மாமாவுக்கு ஒரே பெருமை. சோப்புத் தண்ணி தடவிப் பாத்தா வெயில்ல காஞ்சு வெடிச்ச கோடு ஒவ்வொண்ணுலயும் குமிழி. சரி, வீலையே மாத்திடலாம்னு முடிவாச்சு.

டயர்ல 4.80/4.00-8னு போட்டிருக்கு. மாமா கண்ணாடிய ஏத்திவிட்டு உத்துப் பாத்துட்டு "பிரஷர் ஜாஸ்தியா இருக்கே மாப்ள"ங்கறார். நடுவுல கோடு போட்டு நம்பர் இருந்தா அவருக்கு அது பிபிதான். கடைசில இருக்க 8தான் ரிம்மோட விட்டம், இன்ச்சு கணக்குன்னு புரிய வச்சு அனுப்பினேன்.

நம்பர் அச்சு பிசகாம வாங்கிட்டு வந்தார், ஆனா நடு ஓட்டைய பாக்கல. எங்க ஆக்சில் முக்கால் இன்ச்சு, வந்த வீலுக்கு 5/8. இடிக்கிறது வெறும் அரைக்கால் இன்ச்சு. "இவ்ளோதான, ரெண்டு போட்டா இறங்கிடும்"னு சுத்தியல தூக்கிட்டார், அத்தை வந்து புடுங்கினாங்க. ஓட்டை பெருசா இருந்தா உள்ள புஷ்ஷுன்னு ஒரு குட்டிக் குழாய் சொருகி சமாளிக்கலாம், சின்னதா இருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. ஆக்சில்ல ஏறுற நடுக்குழாய், அதான் ஹப், அதோட நீளமும் பாக்கணும், குறைஞ்சா வாஷர் போட்டுக்கலாம், கூடிப்போச்சுன்னா வீல் கழண்டு வராம ஆக்சில் நுனில பின் போடுற துளைய மூடிடும்.

ஒருவழியா மாத்தி வாங்கி மாட்டியாச்சு. பின்னுக்கு பதிலா ஆணிய வளைச்சு விடப் பாத்தார், அதுக்கும் அத்தைதான். கிரீஸ் கன்ன கையில குடுத்து, ஓரத்துல கிரீஸ் லேசா வெளிய வந்ததும் நிறுத்திடுங்க மாமான்னேன். அவரு பனியன் வரைக்கும் வந்ததும் நிறுத்தினார்.

நேத்து போன்ல யார்கிட்டயோ சத்தமா பேசிட்டிருந்தார், "ஆக்சில் அளவு பாக்காம எவனாவது வீல் வாங்குவானாய்யா?"

உள்ள அத்தை பாத்திரம் வைக்கிற சத்தம் கொஞ்சம் பலமா கேட்டுச்சு.